ஏழு கிலோ

வேன் நாலே முக்காலுக்கு, மாதவரம் ரவுண்டானாவில்.
ஆளுக்கு ஏழு கிலோ,
அதற்கு மேல் அவரவர் முதுகு, அவரவர் பாடு
என்று குழுவில் போட்டிருந்தார்கள்.
கூடாரத் துணியை ஹெப்சிபா தூக்குகிறாள்.
கம்பிகளும் முளைகளும் என் பங்கு.

அயனாவரம், மூன்றாம் மாடி, இரவு பத்தரை.
கட்டில் முழுக்க வர்ணம்.
மின்விசிறிக்குப் பறக்காமலிருக்க
காகிதங்களின் மேல் இட்லித் தட்டு.

ஈசலை விரித்து நிறுத்திப் பார்த்தேன்.
மூன்று கால் பிராணி,
வா என்றால் பின்னாலேயே வந்துவிடும் போல நின்றது.
மடக்கிக் கதவிடுக்கிலேயே வைத்துவிட்டேன்.
மடி இருக்கிறது, போதும்.

பச்சை டியூப் வேண்டாம்.
காட்டுக்குப் போகிறவள் பச்சையை விட்டுவிட்டா போவாள்
என்று கேட்க இங்கே யாரும் இல்லை.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்:
டியூபில் வருவது பிளாஸ்டிக் குடத்தின் பச்சை.
மஞ்சளும் நீலமும் அடித்துக்கொண்டு
நடுவில் பழுப்பு வந்து விலக்கிவிட்ட பிறகு
மிஞ்சுவதுதான் இலை.

சிவப்பு?
மலையில் சிவப்புக்கு என்ன வேலை.
ஆனால் ஹெப்சிபாவின் ரெயின்கோட் சிவப்பு.
கால்சியம் மாத்திரை அட்டையின் பின்தாளை உரித்து
காலிக் குழி ஒன்றில் சுண்டைக்காய் அளவு பிதுக்கினேன்.
பத்துக் குழி, ஆறு நிறம்,
நாலு குழி சும்மா.

தூரிகை மூன்று.
நாலாவது முடி கொட்டுகிற கேஸ்.
எடுத்து, வைத்து, எடுத்து,
காய்ந்த புல்லுக்கு அதை விட்டால் ஆளில்லை.

பதினொன்று பத்துக்குக் கரண்ட் போனது.
இருட்டில் எல்லா டியூபும் ஒரே நிறம்.
மூடி உடைந்தது நீலம்.
பற்பசை மாதிரி நடுவில் நசுங்கியது பழுப்பு.
முழுசாய், கொழுகொழுவென்று, ஒருமுறையும் தொடாதது
ஊதா; தள்ளுபடியில் வாங்கியது.

மூன்று வருடமாய் இந்த ஜன்னலில் வரைவது
எதிர்வீட்டு மொட்டைமாடிச் சின்டெக்ஸ்.
கறுப்புத் தொட்டியில் எத்தனை நீலம் என்று
எனக்குத் தெரியும்.
மலையில் எத்தனை என்று தெரியாது.
மலை வராவிட்டால்?
பத்துப் பேர் தோளுக்குப் பின்னால் நின்று
'இது என்னங்க, யானையா?' என்று கேட்டால்?

கரண்ட் வந்ததும் எடைமெஷினில் ஏறினேன்.
நான் மட்டும்: அறுபத்தொன்று நூறு.
பையோடு: அறுபத்தெட்டு அறுநூறு.
ஒரு சுடிதாரும் துண்டும் வெளியே வந்தன.
தாள் ஒன்றும் வெளியே வரவில்லை.
ஏழு.

அப்புறம்தான் அந்தச் சின்ன பாட்டில்.
எங்கள் போர் தண்ணீர், இருநூறு மில்லி.
'அங்க ஓடையே ஓடுதுடி, நீ தண்ணி தூக்கிட்டு வர்றியா?'
வாய்ஸ் மெசேஜில் ஹெப்சிபா சிரித்து முடிக்கவே
அரை நிமிடம் ஆயிற்று.
கேன் தண்ணீரில் என் நீலம்
இஸ்திரி போட்டது மாதிரி படுத்துவிடும்.
வாளியில் வெள்ளை படிய வைக்கும்,
தலைமுடியைக் கயிறாக்கும் இந்த உப்புத் தண்ணீரில்தான்
அது பொரிப்பொரியாய்த் திரிந்து
தாளில் மணல் மாதிரி உட்காரும்.
எனக்குத் தெரிந்த ஒரே வித்தை அது.
அதுவும் என்னுடையது இல்லை, தண்ணீருடையது.
ஏழு இருநூறு. இருக்கட்டும்.

நாலு மணிக்கு ஆட்டோ.
பெரம்பூர் பாலத்தடியில் டீக்கடை பாய்லரைக் கண்டதும்
ஏனோ அப்போதுதான் உறைத்தது:
கம்பிகள். முளைகள்.
கட்டிலுக்கு அடியில்.
அந்த ஏழு இருநூறு
கூடாரமே இல்லாத கணக்கு.

திருப்பச் சொன்னேன்.
வாசலில் இறங்கி அண்ணாந்தபோது
சின்டெக்ஸை முதல்முறையாகக் கீழிருந்து பார்த்தேன்.
அதன் தோளுக்குப் பின்னால்
இன்னும் விடியாத ஏதோ ஒரு நிறம்.
ஆறு குழியிலும் அது இல்லை.
ஊதாவோ?

'வெயிட்டிங் போட்டுக்கவாம்மா?'
என்றார் ஆட்டோக்காரர்.
போட்டுக்கொள்ளுங்கள் என்றேன்.